செய்யாதே பலகைகள்: சட்டம் கேட்பது எவ்வளவு, பயம் கேட்பது எவ்வளவு?

கேள்வி இதுதான்: "பூங்கா, ஏரிக்கரை, விளையாட்டுத் திடல் என்று எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது 'செய்யாதே' பலகைகள். இத்தனை பாதுகாப்பு விதிகளும் சட்டம் கேட்பவையா, இல்லை பொறுப்பில் இருப்பவர்களின் பயமா? தேவையான விதி எது, வெற்று விதி எது என்று ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் ஒரு வாக்குமூலம். பொதுக் கட்டடங்களிலும் திறந்தவெளிகளிலும் இடர் மதிப்பீடு செய்யும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். நீங்கள் எரிச்சலோடு படிக்கும் பலகைகள் சிலவற்றுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். இன்று யாராவது மடக்கிக் கேட்டால் அவற்றில் பலவற்றுக்கு என்னால் காரணம் சொல்ல முடியாது. ஓர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "இங்கே எதுவும் செய்யத் தேவையில்லை" என்று அறிக்கை எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். கூலி வாங்கியவன் வேலை செய்யாமல் போனது மாதிரி இருக்கும். "ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கலாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. நாட்டில் உள்ள பலகைகளில் கணிசமானவை அந்தக் கடைசி வரியில் பிறந்தவை.

சட்டம் கேட்பது பொதுவாக நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஏன் இவ்வளவு மிஞ்சிப் போகிறது என்றால், தடை போடுகிறவருக்கு அந்தத் தடையால் ஒரு நஷ்டமும் இல்லை. குளிக்க முடியாமல் போனவர், மரநிழலை இழந்தவர், ஏறி விளையாட முடியாத பிள்ளை ஆகியோர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். அந்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. விபத்து நடந்தாலோ பெயர், தேதி, வழக்கு எண் எல்லாம் வந்துவிடும். தராசின் ஒரு தட்டை மட்டும் நிறுத்துப் பார்க்கிறவர் வேறு எப்படித்தான் முடிவெடுப்பார்?

இரண்டு தட்டையும் நிறுத்துப் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து தருகிறேன். இந்தச் சண்டை அங்கேதான் அதிகம் நடந்தது, நடந்ததெல்லாம் பதிவாகியும் இருக்கிறது.

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிரியர்ட்டன் ஹீத் என்று ஒரு பூங்கா. முன்பு மணல் தோண்டிய பள்ளம், பிறகு நீர் நிறைந்து ஏரியானது. கரையில் மணல் இருந்ததால் வெயில் காலத்தில் கூட்டம் அலைமோதும். "அபாயமான நீர், நீந்தக் கூடாது" என்று காங்கிள்டன் நகராட்சி பலகை வைத்திருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பலகையால் பயனில்லை என்று தெரிந்ததும் மணற்கரை மேல் மண்ணைக் கொட்டி, செடி நட்டு, மக்கள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வராதபடி செய்துவிடலாம் என்று நகராட்சி திட்டம் போட்டது. பணத் தட்டுப்பாட்டால் வேலை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், 1995 மே மாதம், 18 வயது இளைஞர் ஒருவர் ஆழமில்லாத இடத்தில் நின்றபடியே தலைகீழாகப் பாய்ந்தார். தலை அடிமணலில் மோதியது. கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தன.

அவர் தொடுத்த வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. நகராட்சி வைத்த பலகையும் போட்ட திட்டமுமே நகராட்சிக்கு எதிரான சாட்சிகளாகிவிட்டன. "ஆபத்து என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, பலகை பலிக்கவில்லை என்றும் தெரிந்திருக்கிறது, பிறகு ஏன் கரையை மூடவில்லை?" மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்று, இழப்பீட்டில் ஒரு பங்கை நகராட்சி தர வேண்டும் என்றது. 2003இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அதைப் புரட்டிப் போட்டது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹாஃப்மன். ஏரியில் மறைந்து கிடந்த பொறி எதுவும் இல்லை. ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்வது ஆபத்து என்பது எவருக்கும் தெரிந்த விஷயம். இது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் நம் கேள்விக்கு நேரான விடை. அந்தக் கரையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் யாருக்கும் தீங்கில்லாமல் வெயில் காய்கிறார்கள், குழந்தைகள் தண்ணீரில் அளைகிறார்கள். வெகு சிலர் எச்சரிக்கையை மீறி ஆபத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதற்காக அத்தனை பேரின் இன்பத்தையும் மண் போட்டு மூடச் சொல்வது நியாயமில்லை என்றது தீர்ப்பு. நஷ்டக் கணக்கில் மக்கள் இழக்கும் மகிழ்ச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்று உச்ச நீதிபீடமே எழுதி வைத்தது. பிறகு 2006இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் பிரிவும் இதே திசையில்தான் போகிறது: ஒரு முன்னெச்சரிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டுமா என்று பார்க்கும் நீதிமன்றம், அதனால் நல்லதொரு செயல்பாடு நின்றுபோகுமா என்பதையும் பார்க்கலாம்.

அந்த இளைஞரின் நிலையை எண்ணி மனம் கனக்காமல் இந்தத் தீர்ப்பைப் படிக்க முடியாது. நீதிபதிகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு துயரம் கண்முன் நிற்கும்போது முகமில்லாத ஆயிரம் பேரின் சார்பில் பேசுவது மிகக் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்ய மாட்டாத இடங்களில்தான் தடைகள் பெருகுகின்றன.

கல்லறைக் கற்களின் கதை அதற்கு நல்ல உதாரணம். 2000ஆம் ஆண்டு ஹாரோகேட் நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நினைவுக்கல் சாய்ந்து ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதன்பின் பல நகராட்சிகள் ஆளனுப்பி, கருவி வைத்துக் கற்களைத் தள்ளிப் பார்த்தன. ஆடிய கல்லையெல்லாம் படுக்க வைத்தார்கள், அல்லது பக்கத்தில் மரக்கழி நட்டுக் கட்டினார்கள். பூ வைக்க வந்த குடும்பங்கள் தாயின் பெயர் பொறித்த கல் தரையில் கிடப்பதைப் பார்த்து அழுதன. கடைசியில் 2009இல் நீதித்துறை அமைச்சகமே வழிகாட்டுதல் வெளியிட்டு, இந்த அபாயம் மிகச் சிறியது, அளவோடு நடந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. சிறுவன் இறந்தது உண்மை. எல்லாக் கல்லையும் தள்ளிப் பார்ப்பது அதற்குப் பதில் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மரங்களும் அப்படியே. பிரிட்டனில் மரமோ கிளையோ விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் ஆறு பேர், அதாவது ஒரு கோடிப் பேரில் ஒருவர். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே நடைபாதை ஓரத்து மரத்தை "பாதுகாப்புக்காக" வெட்டச் சொல்லும் அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். வெட்டிய மரத்தின் நிழல் இல்லாததால் வெயிலில் சுருண்டு விழுந்தவரை யாரும் அந்த மரத்தின் கணக்கில் எழுதப்போவதில்லை.

சரி, சட்டம் உண்மையில் என்னதான் கேட்கிறது? ஒரு நிலக்கரிச் சுரங்கப் பாதை சரிந்து தொழிலாளி ஒருவர் இறந்த வழக்கில், 1949இல், நீதிபதி ஆஸ்குவித் கொடுத்த விளக்கம் இன்றும் அங்கே அடித்தளம். "நியாயமாக இயன்றவரை" என்றால் என்ன? ஒரு தட்டில் அபாயத்தை வை. மறுதட்டில் அதைத் தவிர்க்க ஆகும் பணம், நேரம், சிரமத்தை வை. சிரமத் தட்டு அபாயத் தட்டைவிட மிக மிகக் கனத்தால், செய்யத் தேவையில்லை. 1974இல் வந்த பணியிட நலப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. அதற்கு வழிவகுத்தது 1972இல் வெளியான ராபன்ஸ் குழு அறிக்கை. அக்குழு சொன்ன முதல் குறை என்ன தெரியுமா? சட்டங்கள் அளவுக்கு மேல் இருக்கின்றன என்பதுதான். எல்லாவற்றுக்கும் ஒரு விதி என்று குவித்துக்கொண்டே போனதில், பாதுகாப்பு என்பது எங்கோ ஓர் அதிகாரியின் வேலை என்று தொழிலாளியும் முதலாளியும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே விதிகளைக் குறைத்து, பொறுப்பைக் கூட்டினார்கள். 1974இல் அங்கே பணியில் இறந்தவர்கள் 651 பேர். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 120 முதல் 140 வரை. ஆபத்தான தொழில்கள் மறைந்ததும் இதற்கு ஒரு காரணம், சட்டத்துக்கு மட்டும் மாலை போட முடியாது. ஆனாலும் தட்டு வைத்து நிறுக்கும் முறை உயிரைக் காக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் "ஹெல்த் அண்ட் சேஃப்டி" என்று சொல்லிக் கையை விரிப்பவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பல நேரம் வேறு காரணத்துக்கு அது ஒரு போர்வை. 2011 விம்பிள்டன் போட்டியின்போது மழை பெய்தது என்று, மைதானத்தில் மக்கள் உட்கார்ந்து பெரிய திரையில் ஆட்டம் பார்க்கும் புல்மேட்டை மூடினார்கள். புல் வழுக்கும், பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்றார்கள். பிரிட்டனின் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் தலைவராக அப்போது இருந்த ஜூடித் ஹாக்கிட் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார்: ஈரப்புல்லில் மக்கள் நடப்பதை எங்கள் சட்டம் எதுவும் தடுக்கவில்லை, உங்களுக்கு வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். மறு ஆண்டு அந்த அமைப்பே "கட்டுக்கதை உடைப்புக் குழு" என்று ஒன்றை வைத்தது. யாருக்காவது பாதுகாப்பைக் காரணம் காட்டி ஏதாவது மறுக்கப்பட்டால் எழுதிக் கேட்கலாம் என்றது. நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. அந்தக் குழுவின் பதில்களில் திரும்பத் திரும்ப வரும் தொனி ஒன்றுதான்: இதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை, காரணம் செலவாக இருக்கலாம், இன்சூரன்ஸாக இருக்கலாம், நிர்வாகத்தின் வசதியாக இருக்கலாம், அதை நேரடியாகச் சொல்லியிருக்கலாம். காவல்துறையே "என் பெயரைச் சொல்லி யாரோ மிரட்டுகிறார்கள்" என்று புகார் கொடுத்த மாதிரி.

இங்கே நிறுத்தினால் எல்லா விதியும் வீண் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அது பொய். சில விதிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

1903 டிசம்பர் 30, சிகாகோ நகரில் இராக்குவா நாடக அரங்கம். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. "தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று விளம்பரம். விடுமுறைக் காலப் பகல் காட்சி, அரங்கு நிறையப் பெண்களும் குழந்தைகளும். மேடை விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவுகள் சில அலங்காரத் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில கதவுகளின் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்றே யாருக்கும் புரியவில்லை. குறைந்த கட்டணக்காரர்கள் நல்ல இருக்கைக்கு இறங்கி வராதபடி மாடிப்படியில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். 602 பேர் இறந்தார்கள். இன்று திரையரங்குகளில், மால்களில் குறுக்குக் கம்பியை வயிற்றால் தள்ளினாலே திறக்கும் கதவைப் பார்க்கிறீர்களே, அது இந்த நெருப்பிலிருந்து வந்தது. ஐந்து ஆண்டு கழித்து 1908இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி அடுக்கக் கூடாது என்று சொல்லும் ஆளைப் பார்த்து "ரொம்பத்தான் கெடுபிடி" என்று முனகுபவர்கள் மேல் எனக்கு இரக்கம் வருவதே இல்லை.

இதில் கவனியுங்கள், மாடிப்படிக் கம்பிக் கதவும் ஒரு "விதி"யின் பெயரால் போட்டதுதான். 1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்ததும் அதே வகை. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஓடிவந்து கலாட்டா செய்யக் கூடாது என்று உயரமான கம்பிவேலி போட்டிருந்தார்கள். ஏற்கெனவே நிரம்பிய பகுதிக்குள் மேலும் கூட்டம் திருப்பி விடப்பட்டபோது முன்னால் நின்றவர்களுக்குத் தப்பிக்க இடமில்லை. 97 உயிர்கள் போயின. காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேய்ந்தது. ஒழுங்குக்கான ஏற்பாட்டையும் உயிர்காப்பு ஏற்பாட்டையும் ஒரே பெயரில் அழைக்கும் பழக்கம் எவ்வளவு விபரீதம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மிகை விதியின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் அது தொந்தரவு தருகிறது என்பதல்ல. மெய்யான விதிக்குப் போக வேண்டிய கவனத்தை அது தின்றுவிடுகிறது. ஒரு கட்டடத்தில் ஆய்வுக்குப் போயிருந்தேன். படிக்கட்டை ஒட்டிய தீத்தடுப்புக் கதவைத் தீயணைப்பு உருளையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே "எப்போதும் மூடியிருக்க வேண்டும்" என்று பலகை. அந்தச் சுவரில் மட்டும் பதினொரு பலகைகள். கைப்பிடியைப் பிடித்து ஏறவும், தரை வழுக்கலாம், தலை இடிக்கலாம், சூடான பானத்தோடு படியேறாதீர்கள். பதினொன்றில் பத்தை மீறினால் ஒன்றும் ஆகாது என்று அங்கே வேலை செய்தவர்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். பதினொன்றாவதுதான் புகையைத் தடுத்து நூறு பேரைக் காப்பாற்றும் கதவு. அது மட்டும் வேறு சாதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதவு அவ்வளவு கனமாக இருந்தது, கையில் பொருளோடு வருகிறவர் திறக்கவே முடியாது என்பதும் உண்மை. பன்னிரண்டாவது பலகை கேட்டார்கள். தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானே விட்டு மூடிக்கொள்ளும் காந்தப் பிடிப்பானைப் போடச் சொன்னேன். பலகையைவிடச் செலவு அதிகம்தான். அதனால்தான் பலகை ஜெயிக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் குறைவான ஆபத்துள்ளதாக மாற்று. அதுவும் முடியாவிட்டால் இடையில் தடுப்பு வை. அதற்கும் பிறகுதான் பலகை, விதி, பயிற்சி எல்லாம். கடைசியில் தலைக்கவசம், கையுறை. அதாவது பலகை ஏறக்குறைய அடிமட்டத்து ஆயுதம். அடிமட்டத்து ஆயுதம் முதலில் கைக்கு வருகிறதென்றால், அங்கே காப்பாற்றப்படுவது நீங்களா, நிர்வாகமா என்று சந்தேகப்படலாம்.

கலிஃபோர்னியாவில் இந்த வியாதி முற்றிய நிலையைப் பார்க்கலாம். 1986இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 65ஆம் முன்மொழிவின்படி, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பட்டியலில் உள்ள ரசாயனத்துக்கு மக்களை ஆளாக்கும் நிறுவனம் எச்சரிக்க வேண்டும். தேவையில்லாமல் எச்சரித்தால் தண்டனை இல்லை. எச்சரிக்காவிட்டால் ஒரு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம், தனியார் எவரும் வழக்குப் போடலாம். விளைவு? வாகன நிறுத்துமிடம், ஓட்டல் முகப்பு, கேளிக்கைப் பூங்கா வாசல் எல்லா இடத்திலும் ஒரே பலகை. 2018இல் ஒரு நீதிபதி காப்பிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்றார், ஏனென்றால் கொட்டையை வறுக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ள அக்ரிலமைடு உண்டாகிறது. மறு ஆண்டு மாநில அரசே விதியைத் திருத்திக் காப்பிக்கு விலக்கு கொடுத்தது. அந்தச் சட்டத்துக்குப் பயந்து சில நிறுவனங்கள் பொருளிலிருந்து நச்சுப்பொருளை எடுத்துவிட்டன என்பது உண்மையான நன்மை. ஆனால் பலகையைப் படித்து யாராவது வாசலிலேயே திரும்பிப் போயிருப்பார்களா? புலி வருது கதையில் சிறுவன் ஒரே ஒருவன். இங்கே ஊர் முழுக்கக் கத்துகிறது.

குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வருவோம். எது தேவை, எது வீண் என்பதற்கான அளவுகோல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

ஐரோப்பிய விளையாட்டுத் திடல் தரநிலையில் ஓர் அளவு உண்டு: 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளி எதையும் உயரத்தில் விடக் கூடாது. காரணம், அந்த அளவுச் சந்தில் குழந்தையின் உடம்பு நுழையும், தலை சிக்கிக்கொள்ளும். கால் தரையில் பாவாவிட்டால் கழுத்து நெரியும். இதைப் பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பெற்றோருக்கும் தெரியாது, தச்சருக்குக்கூடத் தெரியாது. அளந்து பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். இது தங்கமான விதி. இதில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உயரம் அப்படியல்ல. மேலே ஏறிய பிள்ளைக்கு உயரம் தெரியும். வயிற்றில் ஏதோ செய்யும், பிடியை இறுக்கும், அடுத்த படியை யோசிக்கும். அதே தரநிலை விழக்கூடிய உயரத்தை மூன்று மீட்டர் வரை அனுமதிக்கிறது, கீழே அதிர்ச்சி தாங்கும் தரை வேண்டும் என்கிறது. அந்தத் தரையைச் சோதிக்கும் அளவுகோல் தலைக்காயத்தைப் பற்றியது. கை முறியாது என்று அது உறுதி தருவதே இல்லை, தர நினைத்ததும் இல்லை. அப்படியிருக்க, எங்கோ ஒரு பிள்ளைக்குக் கை முறிந்ததும் ஏணியையே எடுத்துவிடும் நிர்வாகங்கள் தரநிலையின் பெயரைச் சொல்வது அதற்கே அவமானம்.

1943இல், போர்க்காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் டென்மார்க் நிலவடிவமைப்பாளர் சோரன்சன் ஒரு யோசனையைச் செயல்படுத்தினார். தான் கட்டிய அழகான திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குப்பையில் விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். ஆகவே பலகை, செங்கல், சுத்தியல், ஆணியைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு பெரியவரையும் அமர்த்தி, நீங்களே கட்டுங்கள் என்று விட்டுவிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர் ஆலன் சீமாட்டி லண்டனில் குண்டு விழுந்த வெற்றிடங்களில் அதேபோன்ற திடல்களைத் தொடங்க வைத்தார். இன்றைய பொறுப்பாளர் யாரும் அந்த ஆணிக்குக் கையெழுத்துப் போடுவாரா தெரியவில்லை. ஆனால் 2012இல் பிரிட்டனின் அதே ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் விளையாட்டில் அபாயத்தை ஒழிப்பது நோக்கமல்ல, நன்மையோடு சேர்த்து எடைபோடுவதே நோக்கம் என்று கறாராகச் சொல்கிறது.

ஆக, நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தா, தெரியாத ஆபத்தா? தெரிவதை மனிதரின் புத்திக்கு விடலாம். தெரியாததைக் கட்டியவர் சரிசெய்ய வேண்டும், சரிசெய்ய முடியாவிட்டால் சொல்ல வேண்டும். ஏரியின் ஆழமில்லாத நீர் தெரியும் ஆபத்து. திரைக்குப் பின்னால் மறைந்த கதவு தெரியாத ஆபத்து.

"யாருடைய கண்ணுக்கு" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மோன்டர்மன், ட்ராக்டன் நகரில் நாளொன்றுக்கு 20,000க்கும் மேற்பட்ட வண்டிகள் கடக்கும் சந்திப்பில் சிக்னலையும் பலகைகளையும் எடுத்துவிட்டார். ஓட்டுநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஓட்டத் தொடங்கினார்கள், விபத்து குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. ஆனால் பார்வையற்றவர் யார் முகத்தைப் பார்ப்பார்? நடைபாதையின் விளிம்புக்கல் இல்லாமல் தெரு எங்கே தொடங்குகிறது என்று அவர் கைத்தடிக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய எதிர்ப்பை மதித்து, 2018இல் பிரிட்டிஷ் அரசு நடைபாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் இருக்கும் தெருத் திட்டங்களை நிறுத்தி வைக்கச் சொன்னது. விதிகளைக் குறைக்கச் சொல்லும் என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் நல்ல கண்ணும் காலும் உள்ளவர்கள்.

கொரோனா பரவிய 2020 பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் நீட்டவும் விரும்பவில்லை. ஸ்பெயினின் சஹாரா தே லோஸ் அதுனேஸ் ஊரில் டிராக்டர் வைத்துக் கடற்கரை மணலில் பிளீச்சிங் கரைசல் தெளித்தார்கள், பறவைகள் கூடு வைக்கும் பருவத்தில். கலிஃபோர்னியாவின் சான் கிளமென்டே நகரில் இளைஞர்கள் கூடாதபடி சறுக்குப்பலகைத் திடலுக்குள் மணலைக் கொட்டி நிரப்பினார்கள். தொடக்க வாரங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தொட்ட இடமெல்லாம் துடைக்கும் சடங்கு, காற்றில்தான் முக்கியமாகப் பரவுகிறது என்று தெரிந்த பிறகும் நின்றதா? மேற்பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. துடைப்பது கண்ணுக்குத் தெரியும், ஜன்னலைத் திறப்பது தெரியாது. பார்ப்பவர்களுக்கு ஏதோ செய்கிறோம் என்று காட்டுவது எது என்றுதான் தேர்வு நடந்தது.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. ஒரு தடை அநியாயமாகத் தோன்றினால் சண்டைக்குப் போகாதீர்கள், எழுதிக் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு இதைக் கேட்கிறது? இடர் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்க்கலாமா, அதன் தேதி என்ன? இங்கே இதுவரை என்ன விபத்து நடந்திருக்கிறது? தடைக்கு முன் வேறு எந்த வழியை யோசித்தீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. "இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்கிறது" என்றால், எந்த நிபந்தனை என்று கேளுங்கள். பாலிசியில் அப்படி ஒரு வரியே இல்லாத சந்தர்ப்பங்களை நான் கண்டிருக்கிறேன், யாரோ யாரிடமோ சொல்லக் கேட்டதாக இருக்கும். தேதி பார்ப்பதும் முக்கியம். பத்தாண்டுக்கு முன் கட்டுமான வேலைக்காக வைத்த பலகை வேலை முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கும். பலகை வைக்க ஒரு கையெழுத்து போதும், எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் பதில் வந்தால் முழுதாகப் படியுங்கள். ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்பணை ஒன்றின் கீழே "இறங்காதே" பலகை இருந்தது. தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது, பார்க்க அமைதி, பிள்ளைகள் குளிக்க ஏற்ற இடம் என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். அங்கே வழிந்து விழும் நீர் அடியில் போய்த் திரும்பி, மேலே அணையை நோக்கியே சுருண்டு வரும். உள்ளே அகப்பட்டவரைக் கீழே அமுக்கி, மேலே தூக்கி, மறுபடி அணைக்கட்டுக்கே இழுத்துப்போகும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு மிதப்பதும் குறையும். நல்ல நீச்சல்காரரும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்தே மூழ்கியிருக்கிறார்கள். கரையில் நின்று பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. பலகையில் வெறுமனே "இறங்காதே" என்று மட்டும் போட்டிருந்தார்கள். அடியில் நீர் சுழன்று இழுக்கும் படம் ஒன்றை அதன் கீழே சேர்க்கச் சொன்னேன்.